கூடுதல் பட்டை

பட்டைக்காரர் மணல் மூட்டைகளை வண்டிக்குள் ஏற்றி முடித்துவிட்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, தலையை அடியில் நுழைத்துக்கொண்டார். மாடி ஜன்னலில் நின்றிருந்த அவர் மனைவிக்கு முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது. பாதம் இரண்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பாதம் ஆடினால் மனுஷர் குஷியாக இருக்கிறார் என்று அர்த்தம். கல்யாணமான நாள் முதல் அவள் அவருடைய மனசை முகத்தைப் பார்த்துப் படித்ததைவிடப் பாதத்தைப் பார்த்துப் படித்ததுதான் அதிகம். முகம் எப்போதும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் இருக்கும்.

லாரிகளுக்குக் கமான் பட்டை கட்டுவது அவர் தொழில். வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் இறுக்கிப் பூட்டி, அச்சின்மேல் உட்காரவைக்க வேண்டும். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடியை வாங்கிக்கொள்வது அதுதான். அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பட்டைக்காரர் வீடு என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லாரி முதலாளி எவ்வளவு பாரம் ஏற்றப்போவதாகச் சொல்கிறாரோ அதை யாரும் நம்ப மாட்டார்கள். அளவோடுதான் ஏற்றுவேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். மறுநாளே அந்த லாரி முக்கி முனகிக்கொண்டு மேட்டில் ஏறும். பட்டை ஒடிந்தால் பழி கட்டியவன் தலையில் விழும். அதனால் சொன்ன பாரத்துக்கு மேல் இன்னொரு பாதியைத் தாங்களே சேர்த்துக்கொண்டு, கூடுதலாக ஒன்றிரண்டு பட்டை வைத்துக் கட்டிவிடுவார்கள். பட்டைக்காரரும் அப்படிக் கட்டித்தான் பேர் வாங்கினார். அவர் கை பட்ட வண்டி எதுவும் பின்பக்கம் தொங்கி யாரும் பார்த்ததில்லை.

இப்போது வாசலில் நிற்பது லாரி இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற வேன். மலைகளை அளக்கிற சர்வேக்காரர்கள் ஓட்டி ஓய்ந்த வண்டி. அவர் வாங்கி வந்தபோது கதவைச் சாத்தினால் துரு கொட்டியது. உள்ளே கட்டில், அலமாரி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஒரு சின்ன வீடாக மாற்றுவது அவருடைய திட்டம். அந்த வீடு யாருக்கு என்பதுதான் விஷயம்.

அவள் துணி தைக்கிற கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவள். நாள் முழுக்க நீள மேஜைமுன் நின்று, ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனிப் படியில் ஈரம் இருந்தது தெரியாமல் காலை வைத்து வழுக்கி விழுந்தாள். முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து எழுந்தபோது நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது, படுக்க முடிந்தது. உட்காரத்தான் முடியவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பில் பிடித்து இடது கால் கட்டைவிரல் வரை யாரோ கம்பியைக் கோத்து இழுப்பதுபோல இருக்கும். உட்கார முடியாதவளுக்கு உலகத்தில் போக்கிடம் ரொம்பக் குறைச்சல் என்று அப்புறம்தான் தெரிந்தது. பஸ், கார், ரயில், டாக்டர் வீட்டு பெஞ்சு எல்லாமே உட்காருகிறவர்களுக்காகச் செய்து வைத்தவை.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். மலைக்கு அந்தப் பக்கம் கல் குவாரியில் இருக்கிற அக்கா வீட்டில் அத்தான் திடீரென்று செத்துப்போனபோதுதான் பொறுக்க முடியவில்லை. அக்கா அந்தக் குவாரி ஆட்களுக்கு டீக்கடை நடத்துகிறவள். சின்ன வயதில் ஒரே பாயில் ஒரே போர்வையை இழுத்துச் சண்டை போட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள். அவளால் போக முடியவில்லை. பட்டைக்காரர் மட்டும் போய்விட்டு வந்தார். அக்கா எப்படி இருக்கா என்று அவள் கேட்டதற்குக் கையைக் கழுவிக்கொண்டே, அழலை, வந்தவங்களுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கா என்றார்.

அன்றிலிருந்து தினமும் போனில் பேசுகிறாள். பால் திரிந்துபோனதைப் பேசுவாள் அக்கா, கூரை ஒழுகுவதைப் பேசுவாள். அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அழாத அக்காவை அவளுக்குத் தெரியாது. கோழிக்குஞ்சு காணாமல் போனதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதவள் அக்கா. ஒருநாள் போனை வைத்துவிட்டு அவள் கணவனிடம் சொன்னாள்.

"அவ உள்ளுக்குள்ளயே போட்டு அமுக்குறா. நான் நேர்ல போனாத்தான் அழுவா. எப்படியாச்சும் என்னை அங்க கொண்டுபோய் விட்ருங்க."

அவர் கொஞ்ச நாள் கழித்து அந்த வேனோடு வந்து நின்றார். மழை பிடித்துவிட்டால் குவாரிப் பாதை சேறாகி மூடிவிடும். அப்புறம் மழைக்காலம் முடிகிறவரை லாரிகூடப் போகாது. அதற்குள் போயாக வேண்டும்.

பழைய பட்டைகளோடு ஓட்டிப் பார்த்த முதல் நாளே வண்டி மானத்தை வாங்கிவிட்டது. அச்சு மேலே வந்து முட்டுகிற இடத்தில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அதன்மேல் அவர் களிமண்ணை உருட்டி ஒட்டிவைத்தார். செங்கல் சூளைப் பக்கம் போகும் மண்பாதையில் ஒரு சுற்று போய்விட்டு வந்து பார்த்தால் களிமண் அப்பளமாகத் தட்டையாகிக் கிடந்தது. அச்சு போய் நன்றாக மோதியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குப் பாதம் ஆடவில்லை.

பிறகுதான் பட்டையை மாற்றினார். பட்டறையிலிருந்து லாரிப் பட்டை இரண்டைக் கொண்டுவந்து, காய்ச்சி வளைத்து, கூடுதலாகச் சேர்த்துக் கட்டினார். துள்ளலை அடக்குகிற ஷாக் அப்சார்பர்களையும் தடித்ததாக வாங்கிப் பூட்டினார். அலமாரியும் கட்டிலும் அப்போது தயாராகவில்லை என்பதால் அவற்றுக்குப் பதிலாக மணல் மூட்டை. சாமான் எடை, தண்ணீர் எடை, ஆள் எடை எல்லாம் சேர்த்து, பழக்கதோஷத்தில் அதற்கு மேல் பாதியையும் சேர்த்து ஏற்றினார். இந்தத் தடவை சூளைப் பாதையில் போய்விட்டு வந்தபோது களிமண் உருண்டை உருட்டியபடியே இருந்தது. பட்டறை ஆட்கள் வந்து பார்த்து, வண்டி தண்ணில படகு போற மாதிரி போகுது என்றார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மூட்டைகளை இறக்கிவிட்டு மெல்லிய பலகையில் அலமாரி செய்தார். நீளவாக்கில் கட்டில் போட்டார். தலைமாடு பின்கதவுப் பக்கம். மெத்தை அவள் வெட்டிக் கொடுத்த துணியில் தைத்தது. எல்லாம் சேர்ந்தும் மணல் மூட்டையில் பாதி எடை வராது. பாரம் போதாத பட்டை வளையாமல் துள்ளும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பாரம் குறைந்ததற்காக வருத்தப்பட்ட லாரிக்காரனை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அவளைப் படுக்கவைத்துச் சூளைப் பாதையில் முதல் தடவை போன அன்று, சின்ன வாய்க்கால் பாலம் ஒன்றில் சக்கரம் ஏறி இறங்கியது. பின்பக்கம் துள்ளி அவளைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தது. முதுகுக்குள் ஆணி இறங்கியதுபோல இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. அதற்கப்புறம் சின்னச் சின்ன மேடு பள்ளம் எல்லாம் ஒவ்வொன்றாக எலும்புக்குள் வந்து சொல்லிவிட்டுப் போயின. பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"எப்படி இருக்கு?"

கன்னத்தில் கிரீஸ். முகத்தில் அத்தனை ஆவல். இந்த இரண்டு வருஷமாக அவளைத் தூக்கி நிறுத்தி, குளிக்க வெந்நீர் வைத்து, தெரியாத சமையலைத் தெரிந்த மாதிரி செய்து போட்ட மனுஷர். வாய் ஓயாமல் பேசுகிறவர் அவள் விழுந்த பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டார். இந்த வண்டி வந்த பிறகுதான் பழையபடி பேச்சும் பாட்டும் திரும்பியது. அவர் கட்டிய பட்டையைப் பட்டறையே மெச்சுகிறது. குறை தன் முதுகில்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நல்லா இருக்கு" என்றாள்.

ஒரு தடவை சொன்னது வாயில் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அவர் ஓடிவந்து கேட்பார், அவள் நல்லா இருக்கு என்பாள். வீட்டுக்கு வந்ததும் அவர் கண் மறைந்த நேரமாகப் பார்த்து மாத்திரை போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். குவாரிக்கு இதைப்போலப் பல மடங்கு தூரம். அதுவும் மலைப்பாதை. போய்ச் சேரும்போது தன்னைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அப்புறம் அக்காவை யார் தேற்றுவது, அக்காவல்லவா இவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழ்வீட்டில் இருந்தவளைத் தெரு முழுக்க கிளட்ச் அக்கா என்றுதான் கூப்பிடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கிளட்ச்சை மிதி, கிளட்ச்சை விடு என்று காலையிலிருந்து கத்திக் கத்திக் குரலே அந்தச் சுருதியில் நின்றுவிட்டது. ஒருநாள் ரொட்டி வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்தவள் வாசற்படியிலேயே நின்று இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வண்டில போய்ட்டு வந்து எறங்கினியே, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அடி எடுத்து வைக்கிறப்ப சுவத்தைப் புடிக்கிற. போறப்ப புடிக்கலை."

அவள் மழுப்பிப் பார்த்தாள். கிளட்ச் அக்காவிடம் அது நடக்கிற காரியமா? கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அவரிடம் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஏன் சொல்றேன்? நீ சொல்லு."

"வாய் வர மாட்டேங்குதுக்கா. அவர் மூஞ்சியப் பாத்தா அப்படியே மாறிடுது."

கிளட்ச் அக்கா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். தன்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு மேட்டில் வண்டியை நிறுத்திக் கிளப்புவது பற்றி எவ்வளவு சொன்னாலும் மண்டையில் ஏறாது, ஒரு தடவை வண்டி பின்னால் உருண்டால் ஜென்மத்துக்கும் மறக்காது என்று தன் தொழில் அனுபவத்தைச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே இவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு நீங்க பின்னால படுங்க. கிளட்ச் அக்கா ஓட்டட்டும்."

"நான் எதுக்கு? அதான் மூட்டை போட்டுப் பாத்தாச்சே."

"மூட்டை எதாச்சும் சொல்லுச்சா?"

அவர் சிரித்தார். "மூட்டை என்ன சொல்லும்?"

"அப்ப வாய் இருக்கிற ஆளு ஒரு தடவ படுத்துப் பாக்கட்டும்."

"நீதான் படுத்தியே. நல்லா இருக்குன்னியே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்காக ஒரே ஒரு தடவை என்றாள். அவர் உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சரி என்றார். விளையாட்டு என்றுதான் நினைத்தார்.

மறுநாள் காலை கிளட்ச் அக்கா ஓட்டிக்கொண்டு போனாள். அவர் ஓட்டுகிற அதே பாதையில் அதே வேகத்தில் போகச் சொல்லியிருந்தாள் இவள். வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். வானம் வெளிறிக் கிடந்தது, காற்றில் ஈர வாசனை இருந்தது. வண்டி திரும்பி வந்தது. கிளட்ச் அக்கா இறங்கி, சாவியை இவள் கையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவள் பேசாமல் போனதே தெருவுக்கு அதிசயம்.

பின்கதவு திறக்க நேரமானது. பட்டைக்காரர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நல்ல முதுகு உள்ள மனுஷர், முகம் வெளுத்திருந்தது. வண்டிப் படியில் உட்கார்ந்தார்.

"இதுலயா நீ இவ்வளவு நாளா வந்த?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எத்தன தடவ எறங்கி வந்து கேட்டேன்."

"கேட்டீங்க."

"லாரிக்காரன் பாரத்துல பொய் சொல்வான். அது எனக்குத் தெரியும். அதுக்குத் தகுந்தாப்ல கட்டிடுவேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நீ பொய் சொன்னா நான் எதை வச்சுக் கட்டுறது?"

அவர் எழுந்து, போகிறபோக்கில், "இன்னும் எதெதுலெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி வச்சிருக்கியோ" என்றுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு நின்றது. அவர் பட்டறைக்குப் போனார், வந்தார், வெந்நீர் வைத்தார், தட்டை நீட்டினார். வண்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதுகு வலியாவது மாத்திரைக்குக் கொஞ்சம் கேட்கும். இது எதற்கும் கேட்கவில்லை. வானொலியில் மழை வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். போனில் அக்கா, கடைக்கூரைக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டதாகச் சொன்னாள். மழை பிடிப்பதற்குள் போகவில்லையென்றால் அடுத்த வருஷம்தான். அதுவரை அக்கா அந்தத் துக்கத்தை யாரிடமும் இறக்கிவைக்காமல் டீ ஆற்றிக்கொண்டே இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் உட்கார்ந்து துருப்பிடித்த போல்ட்டுகளைச் சும்மா துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடியிலிருந்து இறங்கி வந்து அவருக்கு எதிரே நின்றாள்.

"குளியலறையில கம்பி அடிச்சிங்களே, பிடிச்சுக்க. அது ரொம்ப ஒசரம். கை எட்டாது. நான் குழாயத்தான் பிடிச்சுக்கிறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ராத்திரி முதுகு பிடிச்சு விடுறிங்கல்ல, அது வலிக்குது. கை பட்டை அடிக்கிற கை. மெதுவாத் தடவினாப் போதும். தலகாணி ரொம்பப் பெருசு. உருளைக்கிழங்குல உப்பு வாயில வைக்க முடியல."

"உப்பா?"

"உப்புதான். இன்னிக்கு நேத்து இல்ல, ஆரம்பத்துலேருந்தே."

அவர் கையிலிருந்த போல்ட்டைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபமா சிரிப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேற என்ன என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, வேற இல்ல, மத்ததெல்லாம் நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சு என்றாள்.

"ரெண்டு பட்டையைக் கழட்டணும்" என்றார் அவர். ஜாக்கியை எடுக்க எழுந்துவிட்டார்.

அன்றும் மறுநாளும் அவர் வண்டிக்கு அடியில்தான் கிடந்தார். கூடுதல் பட்டை இரண்டையும் கழற்றினார். மீதி இருந்ததில் தடித்தது ஒன்றை எடுத்துவிட்டு, நீளமான மெல்லிய பட்டை ஒன்றை வைத்தார். பின்கதவுப் பக்கம் இருந்த கட்டிலைப் பெயர்த்து, அவளுடைய இடுப்பு அச்சுக்கு முன்னால் வருகிற மாதிரி தள்ளிப் போட்டார். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி அச்சுக்கு நேர் மேலே வைத்தார். டயரில் காற்றைக் குறைத்தார்.

பிறகு சூளைப் பாதைக்குப் போனார்கள். இந்த முறை அவர் கேட்டபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு, துணி வெட்டுகிறபோது எப்படிக் கவனிப்பாளோ அப்படி உடம்பைக் கவனித்துச் சொன்னாள்.

"பள்ளத்துல விழுறப்ப ஒண்ணும் இல்ல. திரும்ப எழும்புறப்பதான் குத்துது. அதுவும் இடது பக்கம்."

"எழும்புறப்பவா? விழுறப்ப இல்லையே?"

"இல்ல. விழுறப்ப நல்லா வாங்குது."

"அப்ப பட்டை இல்ல, ஷாக்" என்றார் அவர். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வலிக்கிறது என்று சொன்னதற்கு ஒருத்தர் இப்படிப் பூரித்துப்போவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தடித்த ஷாக்குகளைக் கழற்றிவிட்டு வேறு வாங்கிப் பூட்டினார். மறுபடி போனார்கள். அவள் மறுபடி சொன்னாள். பாலத்தில் ஏறி இறங்கியபோது கட்டில் அவளைத் தூக்கி எறியவில்லை, ஒரு மூச்சு இழுத்து விட்டதுபோல ஏறி அமர்ந்தது. வலி இருந்தது. எழுந்து நிற்க விடுகிற அளவு வலிதான்.

பெட்டி படுக்கை, அரிசி பருப்பு, தண்ணீர் எல்லாம் ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் தணிந்துவிட்டது. பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே தணிந்துவிட்டது. மலைப்பாதைக்குப் போக அவருடைய பட்டறையைத் தாண்டித்தான் போக வேண்டும். சுற்றிக்கொண்டு வேறு வழியில் போகலாமா என்று அவளே கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டறை வாசலில் மெதுவாகவே ஓட்டினார். உள்ளே வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன பட்டைக்காரரே, உங்க வண்டியே குந்திக்கிட்டுப் போகுது?"

"எங்க வீட்டுல ஒருத்திக்கு ஒக்கார முடியல. அவளுக்குப் பதிலா அது ஒக்காந்துக்கிட்டு வருது."

பட்டறையே சிரித்தது. உள்ளே படுத்திருந்த அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள், அதில் முதுகு கொஞ்சம் இழுத்துக்கொண்டது.

மலையில் ஏறத் தொடங்கியதும் தார் முடிந்து மண் வந்தது. மேற்கே மேகம் திரண்டிருந்தது. சரிவில் பின்சக்கரம் வழுக்கியபோது அவர் கியருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கம்பை இழுத்துப் போட, முன்சக்கரங்களும் இழுக்கத் தொடங்கின. வண்டி ஆமைபோல ஊர்ந்து ஏறியது. அவர் அடிக்கடி நிறுத்திக் கேட்டார். அவள் உள்ளது உள்ளபடி சொன்னாள். கால் மரத்திருக்கு என்றால் இறக்கி நடக்கவைத்தார். ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். முட்டைக்கு உப்பை அவள் கையில் கொடுத்து, நீயே போட்டுக்க என்றார். குவாரியின் கம்பித் தடுப்புக்கு வந்து சேர்ந்தபோது மதியம் ஆகவில்லை. மழை இன்னும் விழவில்லை.

அக்கா ஈரத் துணியோடு கடையை விட்டு வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். மயிர் பாதி நரைத்திருந்தது. கதவைத் திறந்து பார்த்ததும் திட்டத்தான் ஆரம்பித்தாள். இந்த முதுகை வைத்துக்கொண்டு மலையேறி வருகிற அளவுக்கு என்ன அவசரம், சொன்னால் கேட்க மாட்டாயா, தம்பி நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்று மூச்சு விடாமல் பொரிந்தாள். டீ போடட்டுமா என்றாள். பதிலுக்குக் காத்திராமல் கடைப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, டீ வேணாம். மேல ஏறி வா."

அக்கா ஏறி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஈரத் துணியை மடியில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படிடி இருக்க?"

"வலிக்குதுக்கா."

தினமும் போனில் கேட்கிற அதே கேள்விக்கு இப்படி ஒரு பதிலை அக்கா கேட்டதில்லை. கை நின்றது.

"எங்க?"

"இடுப்புல வலிக்குது. கால்ல வலிக்குது. அத்தான் போனப்ப உன் பக்கத்துல வந்து இருக்க முடியலையே, அதுதான் எல்லாத்தையும்விட."

குவாரியிலிருந்து விசில் சத்தம் கேட்டது. பாறைக்கு வெடி வைப்பதற்கு முன்னால் ஆட்களை விலகச் சொல்லி ஊதுகிற விசில். அக்கா சட்டென்று பாதி எழுந்துவிட்டாள். அப்புறம் தான் எழுந்ததைத் தானே பார்த்தவள்போல மெல்ல உட்கார்ந்தாள்.

"அவர்தான் ஊதுவார். ஊதி, வெடிச்சதும் நேரா சோத்துக்கு வருவார். இப்ப வேற எவனோ ஊதுறான். தெரியுதுடி. தெரிஞ்சும் தட்டை எடுக்க எந்திரிச்சிடுறேன். தெனமும் எந்திரிச்சிடுறேன்."

மலை அதிர்ந்தது. அலமாரியில் தம்ளர்கள் கலகலத்தன. அக்கா வாயைத் திறந்தாள், முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. சின்னப் பிள்ளையில் அழுததுபோல, வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதாள். அழுதுகொண்டே தங்கச்சியின் பக்கத்தில் சரிந்து படுத்து, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெளியே பட்டைக்காரர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கல் தேடிப் போனார்.

அது ஒருத்தருக்காக அளவெடுத்துச் செய்த கட்டில். அக்காவின் பாரம் முழுக்க அவளுடைய இடது பக்கத்தில் விழுந்தது. இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை கம்பி இழுத்தது. அவள் அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த வலியை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.